டைனமோவைக் குற்றம் சொல்லுமுன்

கேள்வி: ஐயா, அப்பா வைத்திருந்த 1961 மொரிஸ் மைனர் இப்போது என்னிடம். 14 மாதத்தில் இரண்டு பற்றரி மாற்றிவிட்டேன். ஓடும்போது சார்ஜ் காட்டும் சிவப்பு லைட் மங்கலாக எரிகிறது, ஹெட்லைட்டைப் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. போன மாதம் இரவில் கந்தளாயிலிருந்து திரும்பி வரும்போது வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து, தம்பலகாமத்துக்கு இந்தப் பக்கம் கார் நின்றுவிட்டது. பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோ முடிந்துவிட்டது, வேறொன்று போடு என்கிறார் கராஜில். போடவா?
- வாசகர், உப்புவெளி

பதில்: போடாதீர்கள் தம்பி, இப்போதைக்கு. நீங்கள் சொன்ன அந்த மங்கல் வெளிச்சமே டைனமோவுக்குச் சாட்சி சொல்கிறது.

அந்தச் சிவப்பு பல்பின் ஒரு கால் டைனமோவின் கரண்ட் வெளிவரும் டி முனையோடும், மறு கால் சாவி வழியாகப் பற்றரிப் பக்கத்தோடும் சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட்டில் இருந்தால் பல்ப் அணைந்திருக்கும். டைனமோ ஒன்றும் தராவிட்டால் பளிச்சென்று எரியும். மங்கலாக எரிகிறது என்றால் டைனமோ கரண்ட் தருகிறது, ஆனால் வழியில் எங்கேயோ மறிபட்டு இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஹெட்லைட் போட்டதும் கூடுகிறது என்கிறீர்களே, அதுவும் பொருந்துகிறது. கூடுதல் கரண்ட் அந்தப் பழுதான இணைப்பால் போகப் போக வித்தியாசமும் கூடும்.

உங்கள் வீடு உப்புவெளியில். மாரியில் வாடைக்காற்று கடலில் இருந்து நேரே முற்றத்துக்கு வரும் இடம். ஆகவே நான் முதலில் பார்ப்பது இணைப்புகளைத்தான். பற்றரியின் இரண்டு முனைகள், பற்றரியிலிருந்து பொடிக்குப் போகும் பட்டி, எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் ஏர்த் பட்டி, இவற்றைக் கழற்றி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதைச் சுரண்டி, உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பட்டி கெட்டால் கரண்ட் திரும்பி வர ஒழுங்கான பாதையே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். கழற்றினால்தான் உண்மை வெளிவரும்.

அப்புறம் ஃபேன் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு இறங்கலாம், அதற்குமேல் வேண்டாம். உங்கள் காரில் இதே பெல்ட்தான் வோட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் வழுக்கினால் சார்ஜும் குறையும், எஞ்சினும் சூடாகும். இரண்டும் சேர்ந்து வந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

இனி வோல்ட் அளக்கும் மீற்றர். விலை குறைந்த டிஜிட்டல் மீற்றர் போதும். ஆனால் அதற்கு முன் பற்றரியை வெளிச் சார்ஜரில் 4, 5 அம்பியரில் ஒரு இரவு முழுக்கப் போடுங்கள், அரைகுறைப் பற்றரியை வைத்துக்கொண்டு அளந்தால் எல்லாமே பிழையாகக் காட்டும். கழற்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டுப் பற்றரி முனைகளில் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் வந்தால் பற்றரிக்குச் சார்ஜ் போகிறது, லைட் மங்கலாக எரிவதற்குக் காரணம் சாவி ஸ்விட்சுக்குள் இருக்கும். 12.5ஐத் தாண்டாவிட்டால், டைனமோவையும் பற்றரியையும் சேர்த்தும் பிரித்தும் விடும் கட்டவுட் பெட்டிக்கு வாருங்கள்.

அந்தப் பெட்டியில் வரிசையாக முனைகள் இருக்கும். எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட்டும் எரியும்போது, டி முனையில் மீற்றரின் ஒரு குச்சியும் பற்றரிப் பக்கத்து ஏ முனையில் மறு குச்சியும் வைத்துப் பாருங்கள். என் கணக்கில் அரை வோல்ட்டுக்குமேல் வந்தால் உள்ளே கட்டவுட் பொயின்ட் (தொட்டும் விலகியும் இணைப்பைத் தரும் முனை) கருகியிருக்கிறது. பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, மெல்லிய சாண்ட் பேப்பரை ஒரு பட்டியாக வெட்டிப் பொயின்ட்டுகளுக்கு நடுவே இழுத்துத் துடையுங்கள், எமரி பேப்பர் கூடாது. பற்றரி வயர் இருக்கும்போது அந்தப் பொயின்ட்டை விரலால் அழுத்தி மூடிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. பற்றரிக் கரண்ட் முழுக்க நின்றுகொண்டிருக்கும் டைனமோவுக்குள் பாய்ந்து, ஒரு வயர் உறையே உருகிவிட்டது.

இத்தனைக்கும் பிறகும் சந்தேகம் டைனமோ மேல்தான் என்றால் அதைத் தனியாகச் சோதிக்கலாம். டைனமோவிலுள்ள இரண்டு வயரையும் கழற்றுங்கள், பெரிய காது டி, சிறிய காது எஃப் (ஃபீல்ட்). இரண்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அதற்கும் டைனமோ உடம்புக்கும் இடையில் மீற்றரை வைத்து, எஞ்சினை மெதுவாக வேகமேற்றுங்கள். முள்ளோ எண்ணோ துள்ளாமல் மளமளவென்று ஏற வேண்டும். 20 வோல்ட்டுக்குக் கிட்டப் போனதும் நிறுத்திவிடுங்கள், மேலே விட்டால் சுருள் எரியும். ஒரு வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால் காந்தம் உண்டாக்கும் ஃபீல்ட் சுருளில் பிழை (லூகாஸ் சி40 டைனமோ என்றால் அந்தச் சுருள் சுமார் 6 ஓம் காட்ட வேண்டும்). 4, 5 வோல்ட்டில் நின்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சரைப் பார்க்க வேண்டும். எண் துள்ளினால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது கூட்டுக்குள் சிக்கியிருக்கும். பின்பக்கம் ஒயில் என்று எழுதிய ஒரு துளை இருக்கும், அதில் எஞ்சின் ஒயில் இரண்டு சொட்டு விட்டு எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

கந்தளாய் வழியில் நடந்ததற்கும் ஒரு கணக்கு உண்டு. சி40 டைனமோ முழு வேகத்தில் தருவது 22 அம்பியர். பழைய ஹெட்லைட் இரண்டும் 7, 8 அம்பியர், சைட் லைட்டும் பின் லைட்டும் 2, கொயில் 3 அல்லது 4, மழை என்றால் வைப்பர் 2 அல்லது 3. மொத்தம் 14 முதல் 17 வரை, மிச்சம் கொஞ்சம் பற்றரிக்கு. இதில் ஹலோஜன் பல்ப் மாட்டி, ரேடியோவும் போனுக்கு ஒரு சார்ஜரும் வைத்திருந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. திருகோணமலை டவுனுக்குள் மான்களுக்கு வழிவிட்டு ஊர்ந்து போகும்போது அந்த டைனமோ ஏறக்குறைய ஒன்றுமே தராது. நின்ற இடத்தில் சிவப்பு லைட் கண்சிமிட்டினால் அதைப் பழுது என்று எடுக்காதீர்கள்.


கேள்வி: என் ஒஸ்டின் ஏ40இல் சார்ஜ் பல்ப் எரிவதே இல்லை. பல்ப் போனால் சார்ஜும் ஆகாது என்கிறார்கள், உண்மையா?
- வாசகர், கிண்ணியா

பதில்: டைனமோவுக்குப் பதிலாக ஓல்டனேட்டர் பூட்டிய கார்களில் அந்தப் பேச்சு சரி. அங்கே முதல் உசுப்பல் பல்ப் வழியாகத்தான் போகிறது. டைனமோ தன் இரும்பில் மிஞ்சியிருக்கும் காந்தத்தை வைத்துத் தானே தொடங்கிவிடும், பல்ப் இல்லாமலும் சார்ஜ் ஆகும். ஆனாலும் சும்மா விடாதீர்கள். சாவியைப் போட்டதும் பல்ப் கரண்ட் டி முனை வழியாக, பிரஷ் வழியாக, ஆர்மேச்சருக்குள் புகுந்து ஏர்த்துக்குப் போகிறது. டைனமோவிலிருந்து டி வயரைக் கழற்றி ஏர்த்தில் தொடுங்கள். எரிந்தால் பல்ப் நல்லது, பிரஷ்தான் ஆர்மேச்சர் முனையிலுள்ள கொமியூட்டேட்டரில் தொடவில்லை. எரியாவிட்டால் ஒரு பல்ப் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.


கேள்வி: டைனமோவே வேண்டாம், ஓல்டனேட்டருக்கு மாறு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்னுடையதும் மைனர்தான், ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி போய்வர மட்டும்.
- வாசகர், உவர்மலை

பதில்: நிலாவெளிக்குப் போய்வர எதற்கு? ஒழுங்காகப் பராமரித்த டைனமோவே போதும். வாரா வாரம் இரவில் ஹபரணை தாண்டி ஓடுகிறவர் என்றால் நானே மாற்றச் சொல்வேன், அந்தக் காட்டு வழியில் யானைக்கு முன்னால் வெளிச்சமில்லாமல் நிற்பது சரிவராது.

மாற்றுவதென்றால் வெறும் சாமான் மாற்றல் அல்ல. உங்கள் கார் பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கிறது. வழமையான ஓல்டனேட்டருக்கு மைனஸ் ஏர்த் வேண்டும். பற்றரியைத் திருப்ப வேண்டும் (பிளஸ் முனை சற்றுத் தடித்தது, அதனால் வயர் முனைகளும் மாற வேண்டிவரும்), இக்னிஷன் கொயிலின் இரண்டு வயர்களை இடம் மாற்ற வேண்டும். அம்மீற்றர் இருந்தால் அதையும். பழைய ரேடியோ இருந்தால் பூட்டுமுன் விசாரியுங்கள், திரும்பிய கரண்டில் அது ஒருநாள்கூட உயிரோடிருக்காது. வைப்பருக்கும் லைட்டுக்கும் கவலையில்லை.

முக்கியமானது வயர். லூகாஸ் 17ஏசிஆர் ஓல்டனேட்டர் 36 அம்பியர் தரும். 22க்குப் போட்ட வயரில் 36ஐ விட்டால் சூடாகும். ஆகவே ஓல்டனேட்டரிலிருந்து பற்றரிப் பக்கத்துக்கு நேரே தடித்த புது வயர் ஒன்று இழுக்கச் சொல்லுங்கள். பழைய கட்டவுட் பெட்டியை அழகுக்கு வைத்திருக்கலாம், ஆனால் உள்ளே இணைப்பில்லாமல் விட்டு, அதிலிருந்த ஏ வயரையும் ஏ1 வயரையும் சேர்த்துக் கட்ட வேண்டும். எஃப் வயர் சும்மாதானே கிடக்கும், பல்ப் வயரை அதன் வழியாக அனுப்பலாம். கப்பியின் அகலம் உங்கள் பெல்ட்டுக்குப் பொருந்துகிறதா என்று வடிவாகப் பாருங்கள், நேர்கோட்டில் வராவிட்டால் பெல்ட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.


கேள்வி: புதுப் பற்றரி பூட்டிய பையன் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றிப் பூட்டிவிட்டான். ஸ்டார்ட் ஆயிற்று, கொஞ்சத்தில் புகை வந்தது. பிறகு சரியாக மாற்றினோம். இப்போது காலையில் பற்றரி இறங்கிக் கிடக்கிறது. சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடும்போதே பற்றரி வயரைக் கழற்றினார் கராஜ் பாஸ், எஞ்சின் நின்றுவிட்டது. டைனமோ செத்துவிட்டதாம்.
- வாசகர், தம்பலகாமம்

பதில்: நின்ற இடத்தில் ஓடிய எஞ்சினை வைத்து அப்படிச் சோதித்தால் நல்ல டைனமோவோடும் எஞ்சின் நின்றுவிடலாம், நான்தான் மேலே சொன்னேனே, அந்த வேகத்தில் அது ஒன்றும் தராது. ஓல்டனேட்டர் காரில் இதைச் செய்தால் டயோடுகளும் போகும். அந்தச் சோதனையை விட்டுவிடச் சொல்லுங்கள்.

மாற்றிப் பூட்டியபோது என்ன நடந்தது என்றால், டைனமோ பழைய திசையிலேயே தந்தது, பற்றரி எதிர்த் திசையில் இருந்தது, கட்டவுட் பொயின்ட் மூடியதும் இரண்டும் தொடராகச் சேர்ந்து பெரிய கரண்ட் பாய்ந்திருக்கிறது. புகை அதுதான். அதில் பொயின்ட் ஒட்டிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தியபின்னும் பற்றரி டைனமோவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இன்று இரவு காரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து, எஞ்சின் ஆறியபிறகு, டைனமோ உடம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் பொயின்ட் ஒட்டியிருக்கிறது. உடனே பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

பொயின்ட்டைப் பிரித்துத் துடைத்தபின், டைனமோவின் திசையையும் உறுதிப்படுத்திவிடுவது நல்லது. டைனமோவிலிருந்து டி, எஃப் இரண்டு வயரையும் கழற்றி, பற்றரியின் ஏர்த் இல்லாத முனையிலிருந்து (பொசிட்டிவ் ஏர்த் கார் என்றால் அது மைனஸ்) ஒரு வயரை எஃப் காதில் ஒரு விநாடி தொட்டு எடுங்கள், இரண்டு மூன்று தரம். சின்னதாகப் பொறி பறக்கும், பயப்படாதீர்கள். கையில் மோதிரமோ கடிகாரமோ இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள்.