துணை நிற்பதும் துணை போவதும்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பலவும் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வல்லரசு ஒன்றின் நட்பு நாடு தன் அண்டை நாட்டுடன் போரில் இறங்கிவிட்டால், அந்த வல்லரசு அதற்குத் துணை நிற்க வேண்டுமா, ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ‘இறங்கிவிட்டால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாடு தானாக இறங்கியதா, பிறர் படையெடுத்து வந்ததால் இறங்க நேர்ந்ததா என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. தன் மண்ணில் தாக்கப்பட்ட நட்பு நாட்டுக்கு உதவுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு கூட்டுத் தற்காப்பை உரிமையாகவே ஏற்கிறது. 1986இல் நிகரகுவா வழக்கில் தீர்ப்பளித்த பன்னாட்டு நீதிமன்றம், தாக்கப்பட்ட நாடே அதை அறிவித்து உதவியும் கோரியிருக்க வேண்டும் என்று கூறி, அழையாத வீட்டுக்கு வல்லரசுகள் காவலுக்குப் போவதற்கு ஒரு தடையும் வைத்தது.

நட்பு நாடு தானே சண்டையை வளர்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நம் மொழியில் துணை நிற்பது வேறு, துணை போவது வேறு. வெளியுறவு அமைச்சகங்களின் அகராதியிலும் இந்த வேறுபாடு இருந்திருந்தால் சில போர்கள் நடந்தே இருக்காது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1914 ஜூலை 5ஆம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சரயேவோவில் சுட்டுக்கொல்லப்பட்டுச் சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆஸ்திரியத் தூதர் போட்ஸ்டாம் அரண்மனைக்கு வந்து, கொலைக்குச் செர்பியாவைக் குற்றம் சாட்டி ஆதரவு கோரிய தம் பேரரசரின் கடிதத்தை ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மிடம் கொடுத்தார். படித்துப் பார்த்த வில்ஹெல்ம், தலைமை அமைச்சரைக் கலந்துகொள்ளாமல் முடிவான பதில் தர முடியாது என்றார். பிறகு மதிய விருந்து. அது முடிந்தபின் தூதர் மறுபடியும் பேச்சை எடுத்ததும், ஜெர்மனியின் முழு ஆதரவையும் நம்பிச் செயல்படலாம் என்று பேரரசரிடமிருந்து பதில் வந்துவிட்டது. மறுநாள் தலைமை அமைச்சரும் அதை உறுதிசெய்தார். பேரரசர் தம் உல்லாசக் கப்பலில் வடகடல் பயணம் கிளம்பினார். தொகையை நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை என்று வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஜூலை 28 காலையில், ஆஸ்திரியாவின் நிபந்தனைகளுக்குச் செர்பியா அளித்திருந்த பணிவான பதிலைப் படித்த அதே வில்ஹெல்ம், போருக்கான காரணமே போய்விட்டது என்று குறிப்பு எழுதினார். அன்றுதான் ஆஸ்திரியா போரை அறிவித்தது. காசோலையில் தொகையை வியன்னா நிரப்பியாகிவிட்டது. அதற்குப் பணம் கட்ட வேண்டியதுதான் பெர்லினின் வேலை.

கேள்வி: இப்படி யோசித்துக்கொண்டே இருந்தால் எந்த நட்பு நாடாவது வல்லரசை நம்புமா?
(கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: நியாயமான கேள்வி. கைவிடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு உதவுவதாக ஒப்பந்தம் செய்திருந்த பிரான்ஸ், 1938 செப்டம்பரில் மியூனிக்கில் அந்த நாட்டின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்க இசைந்தது. ஆறே மாதத்தில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தபோது, ஸ்கோடா ஆயுத ஆலைகளும் ஹிட்லரின் கைக்குப் போயின. வேறொரு வகை விலையும் இருக்கிறது: 1971இல் அமெரிக்கா தென் கொரியாவிலிருந்து ஒரு படைப்பிரிவை விலக்கிக்கொண்ட காலத்தில்தான், அதிபர் பார்க் சுங் ஹீ இரகசியமாக அணுகுண்டு முயற்சியில் இறங்கினார். காவல் நிச்சயமில்லை என்று தோன்றினால் ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஓர் அணுகுண்டைத் தேடும்.

இருந்தாலும், ஒரு முறை ‘இல்லை’ என்று சொன்னால் கூட்டணியே குலைந்துவிடும் என்ற வாதம் எனக்கு மிகையாகவே படுகிறது. 1956இல் சூயஸ் கால்வாய்க்காகப் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் சேர்ந்து எகிப்தைத் தாக்கியபோது, அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் துணை போக மறுத்ததோடு நில்லாமல், சரிந்துகொண்டிருந்த பவுண்டைத் தாங்கிப்பிடிக்கக் கடன் கிடைக்கவிடாமலும் தடுத்தார். நவம்பர் 6ஆம் தேதியே பிரிட்டன் போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டது. மனக்கசப்பு நெடுநாள் இருந்தது, குறிப்பாகப் பாரிஸில். ஆனால் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ கலைந்துவிடவில்லை. அந்த நேட்டோவின் புகழ்பெற்ற 5ஆம் பிரிவேகூட, தாக்கப்பட்ட உறுப்பினருக்காக ஒவ்வொரு நாடும் ‘தேவை என்று தான் கருதும்’ நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் சொல்கிறது. யோசிக்கும் உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

கேள்வி: முழுப் போரில் இறங்காமல், அளவோடு உதவினால் போதாதா?

பதில்: அளவு என்பது காகிதத்தில் எளிது. கி.மு. 433இல் ஏதென்ஸ் இதைத்தான் செய்து பார்த்தது. இன்னொரு கிரேக்க நகர அரசான கொரிந்துடன் பகைத்துக்கொண்ட கோர்சைரா தீவு நட்பு நாடி வந்தபோது, தற்காப்புக்கு மட்டுமே உதவுவதாக உடன்படிக்கை செய்து, பத்தே பத்துக் கப்பல்களை அனுப்பியது. கொரிந்தியர்கள் கோர்சைராவின் கரையில் இறங்க முற்பட்டாலொழியச் சண்டையில் சேரக் கூடாது என்பது தளபதிகளுக்கு இடப்பட்ட கட்டளை. கடற்போர் மூண்டதும் அந்தக் கப்பல்கள் முதலில் பக்கத்தில் நின்று எதிரியை மிரட்ட மட்டுமே செய்தன. கோர்சைரா தோற்று ஓடத் தொடங்கியதும், வேறு வழியின்றி நேரடியாகவே மோதின. இரண்டே ஆண்டுகளில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவுடனான பெரும் போருக்குள் இருந்தது; கி.மு. 404இல் தோல்வியோடு அதிலிருந்து வெளியே வந்தது. அந்தப் போருக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் களத்தில் நிற்கும் கப்பலுக்குக் கட்டளையைவிடக் கண்முன் நடப்பதே பெரிதாகத் தெரியும்.

ஆகவே உதவியின் அளவைக் குறைப்பதைவிட, அந்த உதவியை நம்பி நட்பு நாடு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் பயன் தரும் என்பேன். 1954 டிசம்பரில் தைவானுடன் தற்காப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட அமெரிக்கா, தைவான் தலைவர் சியாங் கை ஷேக் சீனப் பெருநிலத்தின் மீது தன்னிச்சையாகப் படையெடுத்துவிட்டுத் தன்னையும் இழுத்துக்கொள்வாரோ என்று அஞ்சியது. அதனால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலன்றித் தைவானிலிருந்து படைபலத்தைப் பயன்படுத்துவதில்லை என்று தனிக் கடிதங்களில் எழுதி வாங்கிக்கொண்டது. சியாங்குக்கு அது கசந்திருக்கும். இடித்துரைப்பதும் நட்பின் கடமைதானே.

கேள்வி: 1971 வங்கதேசப் போரில் சோவியத் ஒன்றியம் இந்தியாவுக்குச் செய்தது எந்த வகை?

பதில்: துணை நின்ற வகை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி கையெழுத்தான உடன்படிக்கையின் 9ஆம் பிரிவைப் படித்தால், தாக்குதலோ அதன் அச்சுறுத்தலோ வந்தால் உடனே கலந்து பேசித் தக்க நடவடிக்கை எடுப்பது என்றும், எதிரிக்கு உதவுவதில்லை என்றும் மட்டுமே இருக்கிறது. படை அனுப்புவதாக ஒரு சொல்லும் கிடையாது. டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தத் தீர்மானங்களைத் தடுத்த சோவியத் வீட்டோவும், வங்கக் கடலில் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வந்தபோது அதைக் கண்காணித்த சோவியத் கடற்படையும் வேண்டிய அவகாசத்தைத் தந்தன.

கேள்வி: போருக்குத் துணை நிற்பதை அரசுத் தலைவர் மட்டும் முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. வியட்நாமில் சூடுபட்ட பிறகு, 1973இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதிபரின் தடுப்பாணையையும் மீறி, படையைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், ஒப்புதல் இல்லையேல் 60 நாளில் நிறுத்திவிட்டுப் படையைத் திரும்பப் பெறத் தொடங்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அதன் பிறகு வந்த அதிபர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகக் கற்றுக்கொண்டது வேறு கதை.

கேள்வி: கொடுத்த ஆயுதம் பொதுமக்கள் மீது பாய்ந்தால்? அப்போதும் வல்லரசு ‘எங்கள் கையில் ஒன்றுமில்லை’ என்கிறதே?

பதில்: அந்தப் பேச்சை நான் நம்புவதில்லை. 1982 ஆகஸ்ட் 12ஆம் தேதி, இஸ்ரேலியப் படை லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் மேற்குப் பகுதியை நாள் முழுவதும் குண்டுகளால் தாக்கிக்கொண்டிருந்தபோது, அமெரிக்க அதிபர் ரீகன் பிரதமர் பெகினைத் தொலைபேசியில் அழைத்து, இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கடுமையாகச் சொன்னார். ஏறத்தாழ இருபது நிமிடங்களில் பெகின் திரும்ப அழைத்து, நிறுத்த ஆணையிட்டுவிட்டதாகத் தெரிவித்தார். கொத்துக் குண்டுகள் அனுப்புவதை ரீகன் அதற்கு முந்தைய மாதமே நிறுத்திவைத்திருந்தார். ஆயுதமும் பணமும் எங்கிருந்து வருகின்றனவோ அங்கிருந்து வரும் குரலுக்குக் காது கேட்கும்.

ஆனால் குரல் கொடுத்தவர் அங்கேயே நிற்கவும் வேண்டும். பாலஸ்தீனப் போராளிகள் நகரைவிட்டு வெளியேறுவதை மேற்பார்வையிட வந்த அமெரிக்க வீரர்கள், செப்டம்பர் 10ஆம் தேதி கப்பலேறிப் போய்விட்டார்கள். 16ஆம் தேதி தொடங்கி 18 வரை, இஸ்ரேலியப் படை சூழ்ந்து நின்ற சப்ரா, ஷதிலா பகுதிகளுக்குள் லெபனான் ஆயுதக் குழுவினர் புகுந்து பாலஸ்தீன அகதிகளையும் ஏழை லெபனானியரையும் கொன்று குவித்தார்கள். அமெரிக்க வீரர்கள் திரும்பி வந்தது 29ஆம் தேதி.