நம்மவர்களிடம்தான் நாவை அடக்க வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சமையல் வேலைக்கு வரவிருக்கும் தம்பி, சம்பளம் மிஞ்சுமா, மலாய் தெரியாமல் சமாளிக்கலாமா, ‘நம்மவர்கள்’ நிறைந்த ஊராதலால் பழகுவது எளிதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலாய் கடையிலேயே பழகிவிடும். மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குக் கடினமாக இருக்கப்போவது இங்குள்ள தமிழரோடு பேசுவதுதான். அந்நியரிடம் நாமாகவே அடக்கமாகப் பேசுகிறோம். நம்மவர் என்று எண்ணியவரிடம் பூர்வீகம் எது, எந்தத் தெரு, உங்கள் ஆட்கள் யார் என்று கேட்டுக்கொண்டே போகிறோம். ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணியோடு கப்பலேறி வந்து, லயம் எனும் தோட்ட வரிசைவீடுகளில் குடியிருந்து ரப்பர் பால்மரம் சீவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது நன்றாகத் தெரியும். நான் வந்த புதிதில், மாவாட்டும் அறையிலேயே படுத்துறங்கிய காலத்தில், உடன் வேலை பார்த்த ஒருவர் தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்து ஓய்வுபெற்ற தண்டல் ஒருவரிடம் இப்படித் துருவினார்; பெரியவர் தே தாரிக் எனும் ஆற்றிய தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார், அதன்பின் அவர் குடும்பத்தில் ஒருவரும் எங்கள் கடைப்படி ஏறவில்லை.

எனக்குப் பொறுக்காத இன்னொன்று, ஒப்பந்தத்தில் வருகிற நம் ஆட்கள் இங்குள்ள தமிழைக் கலப்படம் என்று கேலி செய்வது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வரும் நிலையில், இதே ஊரில் பிறந்த, அன்று அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, கூலிக்காசைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியவர்கள் இவர்கள். இவர்களுக்குத் தமிழ் கற்பிக்க நாம் யார்?

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலாய்ப் பெரியவர்களைப் பாச்சிக் (மாமா), மாச்சிக் (அத்தை) என்று அழையுங்கள். இடக்கையால் எதையும் நீட்டாதீர்கள், சுட்டுவிரலுக்குப் பதிலாக வலக்கைப் பெருவிரலால் காட்டுங்கள். அவர்கள் பெரும்பாலும் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்கள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினால் மறுத்துவிட்டதாகவே கொள்ளுங்கள். சீனத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) விலையை நேராகப் பேசலாம், ஆனால் அவருடைய வேலையாட்கள் முன்னிலையில் குறை சொல்லக்கூடாது. இவையெல்லாம் எனக்கு எப்போதோ படிந்துவிட்டன. விடுமுறையில் ஊருக்குப் போனால், இத்தனை மெதுவாகப் பேசுகிறாயே, உடம்புக்கு என்ன என்று என் தங்கை கேட்கிறாள்.

கடையில் உங்களை, இந்தியாவிலிருந்து வந்தவர் என்ற பொருளில், ‘ஊர்க்காரர்’ என்று ஒதுக்கிச் சொன்னால் வருந்தாதீர்கள். என் பிள்ளைகள் இங்கேயே பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்து முடித்துவிட்டார்கள். ஆனாலும் இங்குள்ளவர்கள் என்னை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.