எரிக் ஏன் கழற்றிவிடப்பட்டான்? 'ஆஃப்டர் டெட்' வாங்கலாமா?

சார்லெய்ன் ஹாரிஸ் எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் ரத்தக்காட்டேரி நாவல் வரிசையில் 13ஆவதான 'டெட் எவர் ஆஃப்டர்' (2013) முடித்துவிட்டு, சூக்கியின் காதலனான ரத்தக்காட்டேரி எரிக்கைத் திடீரென்று கழற்றிவிட்டார்கள் என்று கொதித்திருக்கிறீர்கள். கோபம் சரி, 'திடீரென்று' என்பதுதான் சரியில்லை.

11ஆவதில் சூக்கியின் சூனியக்காரத் தோழி அமீலியா மந்திரம் போட்டு, ஒருவர் ரத்தத்தை ஒருவர் குடித்ததால் எரிக்குக்கும் சூக்கிக்கும் உண்டான ரத்தப் பிணைப்பை அறுக்கிறாள். 12ஆவதின் கடைசியில் சூக்கியிடம் இருப்பது ஒரே ஒரு வரம். ஓக்லஹோமாவின் ரத்தக்காட்டேரி ராணி ஃப்ரேடாவுடனான கல்யாணத்திலிருந்து தன்னை மீட்க அதைச் செலவழிப்பாள் என்று எரிக் காத்திருக்கிறான். அவளோ வெட்டுப்பட்டுக் கிடக்கும் தன் மதுக்கடை முதலாளி சாமைப் பிழைக்க வைக்கிறாள். அவர்கள் காதல் கதை முடிந்தது அங்கேதான்! அந்தக் காட்சியை மட்டும் திரும்பப் படியுங்கள்.

13ஆவதின் உண்மையான கோளாறு வேறு. 12 நாவல்களாக எல்லாம் சூக்கியின் வாயாலேயே வந்தது. இதில் இடையிடையே படர்க்கையில் வில்லன்கள் புகுந்துவிடுகிறார்கள். அவளுக்கு முன்பே நமக்குச் சதி தெரிந்துவிடுவதால் மர்மம் புஸ்வாணமாகிறது. பிரிவுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தையும் அதுவே தின்றுவிடுகிறது.

'ஆஃப்டர் டெட்' வாங்க வேண்டாம். அது நாவலே இல்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று அகரவரிசையில் போட்ட பட்டியல். இந்த நாவல்களை வைத்து எடுத்த 'ட்ரூ பிளட்' தொலைக்காட்சித் தொடரின் 7ஆம் சீசனும் கைகொடுக்காது: சூக்கியின் கணவன் முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள், அவன் எரிக்கும் இல்லை.

எரிக்தான் வேண்டுமென்றால் நினைவிழந்து அவள் வீட்டில் தங்கும் 4ஆவது நாவலுக்கே திரும்புங்கள். 'எ டச் ஆஃப் டெட்' தொகுப்பில் டிராகுலாவுக்காக அவன் சின்னப் பையன் மாதிரி பரபரக்கும் சிறுகதையும் உண்டு. அதை விட்டுவிடாதீர்கள்.