கணினி எழவில்லையா? முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: கணினி ஆன் ஆகவில்லை, உள்ளே இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே முழுக்க எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. மூன்று நாட்களுக்கு முன் லேப்டாப் தானாகவே ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது. அதிலிருந்து நீலத் திரை வருகிறது, அப்புறம் ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று காட்டிவிட்டுச் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நிற்கிறது. கணினி தெரிந்த ஒருவர் ‘ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்’ என்கிறார். நான்கு வருடக் களப்பணிப் பதிவுகளும் ஆய்வேட்டின் இரண்டு இயல்களும் அதில்தான் இருக்கின்றன, பேக்கப் இல்லை. விண்டோஸைப் புதிதாக்கும் ‘ரீசெட்’டில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று ஒன்று இருக்கிறதாமே, நம்பி அழுத்தலாமா?

பதில்: இன்றைக்கு அழுத்த வேண்டாம். முதலில் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். அப்டேட்டில் கெட்டுப்போனது பெரும்பாலும் விண்டோஸ் எழும்பத் தேவையான சில சிஸ்டம் கோப்புகளாகத்தான் இருக்கும், உங்கள் பதிவுகள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். வாசல் பூட்டு மக்கர் செய்தால் உள்ளே இருக்கிற பீரோ காணாமல் போய்விடாது இல்லையா, அந்த மாதிரி. இப்படிப்பட்ட நேரங்களில் கோப்புகள் அழிவது அநேகமாகப் பழுதைச் சரிசெய்கிற அவசரத்தில்தான். ஆகவே கோப்புகளை வெளியே எடுங்கள், எடுத்ததை இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள், அதற்கு அப்புறம் ரீசெட்டோ ஃபார்மட்டோ எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

‘கீப் மை ஃபைல்ஸ்’ சொல்கிற ஃபைல்ஸும் நீங்கள் நினைக்கிற ஃபைல்ஸும் ஒன்றில்லை. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிக்சர்ஸ் எல்லாம் தங்கும். நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் போய்விடும், அவற்றோடு ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா, புரோகிராம் ஃபைல்ஸ் ஆகிய ஃபோல்டர்களுக்குள் இருப்பதும் போய்விடும். பிரவுசர் புக்மார்க்குகள் ஆப்டேட்டாவுக்குள்தான் இருக்கின்றன, சில மென்பொருள்கள் நாம் உள்ளிட்ட தகவல்களையும் இந்த மூன்றில் எங்கேயாவதுதான் சேமித்து வைக்கின்றன. போதாததற்கு, ரீசெட் பாதியில் நின்றுபோவதும் உண்டு. நான்கு வருட உழைப்பை அதன் கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.

லேப்டாப் கம்பெனியே வைத்திருக்கும் ‘ரிக்கவரி’ மெனு இன்னும் ஆபத்தானது. பல வருடங்களுக்கு முன் என் அக்காவின் லேப்டாப்பில் அந்தச் சொல்லைப் பார்த்து, எல்லாவற்றையும் மீட்டுத்தரும் என்று நம்பி அழுத்தினேன். அது மீட்டது, கணினி பெட்டியிலிருந்து வெளியே வந்த முதல் நாளின் நிலையை. எங்கள் அப்பா பேசிய கடைசி ஒலிப்பதிவு அதில் இருந்தது. அக்கா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சரி, எப்படி எடுப்பது? உங்களுக்கு ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரை வருவதே நல்ல விஷயம், அது வந்தால் பாதி வழி திறந்த மாதிரி. (அதுகூட வராதவர்கள், விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, இதையே இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் வந்துவிடும்.) எடுப்பதை வைத்துக்கொள்ளும் அளவுக்கு இடமுள்ள பென் டிரைவையோ வெளி ஹார்ட் டிஸ்க்கையோ முதலிலேயே சொருகிவிடுங்கள், அதன் ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும், ஏனென்றால் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு, உதாரணமாக நீளமான வீடியோ, அதில் ஏறவே ஏறாது. அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட் என்று போங்கள். கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும், அதில் ‘எக்ஸ்’ என்ற டிரைவின் பெயர் இருக்கும். பயப்படாதீர்கள், அது நினைவகத்தில் தற்காலிகமாக ஓடுகிற குட்டி விண்டோஸ்.

அங்கே நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். ஆமாம், நாம் தினமும் பார்க்கிற அதே நோட்பேட். ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்தால் வரும் பெட்டிதான் நமக்கு வேண்டியது. அதன் கீழே ‘டெக்ஸ்ட் டாக்குமெண்ட்ஸ்’ என்று இருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ ஆக மாற்றுங்கள், மாற்றாவிட்டால் ஃபோல்டர்கள் காலியாக இருப்பதுபோலத் தோன்றி நெஞ்சு படபடக்கும். இப்போது திஸ் பிசியைத் திறந்தால் எல்லா டிரைவும் தெரியும். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ இருக்கலாம், எதில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரும் அதற்குள் உங்கள் பெயரும் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்துக் கணினியை அமைத்திருந்தால் முழுப் பெயர் இருக்காது, மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்துதான் ஃபோல்டரின் பெயராக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவருடையது என்று கடந்துபோய்விடாதீர்கள்.

வேண்டிய ஃபோல்டர் மேல் வலது பொத்தானை அழுத்தி காப்பி, பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை இங்கே வராது, ஜன்னல் உறைந்து நிற்பதுபோல் இருக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாமல் காத்திருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்காமல், முதலில் ஆய்வேடு, அடுத்து ஒலிப்பதிவுகள், அப்புறம் மற்றவை என்று பகுதி பகுதியாக எடுத்தால் உங்களுக்கும் தைரியம் வரும். டெஸ்க்டாப்பில் வைத்தது அங்கே இல்லையென்றால் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடம்) ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கும், அதையும் பாருங்கள். ஒன்டிரைவ் ஓடிக்கொண்டிருந்த கணினி என்றால், இதற்கெல்லாம் முன்பே கைபேசியில் உங்கள் கணக்கைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பேக்கப் இல்லை என்று சொல்கிறவர்களின் இயல்கள் சில சமயம் அங்கே பத்திரமாக இருக்கும்.

நோட்பேட் வழி ஒத்துவரவில்லையென்றால் தோழியின் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய இலவச லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைப் பதிவிறக்கி, ரூஃபஸ் போன்ற ஒரு கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, உங்கள் லேப்டாப்பை அதிலிருந்து எழுப்பலாம். அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனு வர எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி விசை மாறும். ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், ‘இன்ஸ்டால்’ பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸ் முழுமையாக அணையாததால் டிஸ்க்கைப் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது என்று லினக்ஸ் சொல்லக்கூடும். நமக்குப் படித்தால் போதும், எழுத வைக்கக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

எடுத்ததைத் தோழியின் கணினியில் போட்டு ஒவ்வொரு இயலையும் திறந்து கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள், நாலைந்து ஒலிப்பதிவுகளை ஓடவிட்டுக் கேளுங்கள். அதெல்லாம் முடிந்த பிறகும் நேராக ரீசெட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்களுக்கு வினை வந்ததே அப்டேட்டால் என்பதால் அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ இருக்கிறது, அதை முதலில் செய்து பாருங்கள். அடுத்தது, விண்டோஸை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரிஸ்டோர், அது சொந்தக் கோப்புகளைத் தொடாது. ரீசெட் கடைசி.

கேள்வி: நீங்கள் சொல்கிற கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போனால் ‘பிட்லாக்கர் ரிக்கவரி கீ’ கேட்கிறது. நான் எந்தப் பூட்டும் போட்டதே இல்லை. என்ன செய்ய?

பதில்: நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும் பல கணினிகளில் பிட்லாக்கர் என்ற பூட்டால் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது, 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. கணினி ஒழுங்காக எழும் நாட்களில் பூட்டு இருப்பதே தெரியாது. அந்தச் சாவி 48 இலக்க எண், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. கைபேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் டிவைசஸ் பகுதியில் ரிக்கவரி கீ இருக்கிறதா பாருங்கள். கணக்கில் பல சாவிகள் இருந்தால் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதுதான் உங்களுடையது.

உங்கள் கணக்கில் இல்லையா? கணினியை வாங்கியபோது முதன்முதலில் அமைத்துக் கொடுத்தது யார் என்று யோசியுங்கள். தம்பியின் மின்னஞ்சல், பழைய கல்லூரி மின்னஞ்சல் என்று எதிலாவது இருக்கும். அலுவலகக் கணினி என்றால் அங்கே கணினிப் பிரிவில் கேட்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, சரிசெய்யும் வழி தெரிந்த பிறகும் பல இடங்களில் இந்தச் சாவியைத் தேடுவதே பெரிய வேலையாகிப்போனது.

சாவி கிடைக்கவே இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் திறக்காது. ‘நான் உடைத்துத் தருகிறேன்’ என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். இப்போது கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற வாசகர்கள் இந்தப் பக்கத்தை மூடும் முன் அந்த எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், தயவுசெய்து.

கேள்வி: என் டெஸ்க்டாப் ஆன் ஆகும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம், பிறகு டிஸ்க்கே இல்லை என்கிறது. ‘செக்டிஸ்க்’ ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் அந்தச் சத்தம், படிக்கும் ஊசிமுனை தடம் கிடைக்காமல் திரும்பத் திரும்பப் போய் வருவதால் எழுவது. ஆன் செய்கிற ஒவ்வொரு முறையும் மேற்பரப்பு மேலும் கீறப்படலாம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கப் பார்க்கும், உங்கள் புகைப்படம் அதற்கு முக்கியமில்லை. சத்தம் இல்லாமல் டிஸ்க் மெதுவாக மட்டும் இருந்தால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்கலாம். சுலபமாக வரும் பகுதிகளை அது முதலில் எடுத்துக்கொண்டு, அடம் பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும், அதனால் டிஸ்க் நடுவில் இறந்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். டிக் டிக் சத்தத்துக்கு அதுவும் வேண்டாம், தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். செலவு அதிகம்தான், உள்ளே இருப்பது அதற்குத் தகுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்குத் தெரியாமல் மகன் விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டான். போனது போனதுதானா?

பதில்: முதலில் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். ஃபார்மட் செய்யாமல் பழையதன் மேலேயே ஏற்றியிருந்தால் பழைய யூசர்ஸ் ஃபோல்டர் அப்படியே அதற்குள் இருக்கும். பத்து நாள் போல ஆனால் விண்டோஸ் தானே அதை அழித்துவிடக்கூடும், அதனால் இன்றே எடுங்கள். அது இல்லையென்றால் கணினியை அணைத்துவிடுங்கள், எதையும் பதிவிறக்காதீர்கள், மீட்பு மென்பொருளைக்கூட அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் வேறு கணினியில் மாட்டித் தேடினால் நிறையக் கிடைக்க வாய்ப்பு உண்டு. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி என்றால் ஃபார்மட் ஆனதும் அந்த இடங்களை டிரிம் என்ற கட்டளை வெறுமையாக்கச் சொல்லிவிடும், நம்பிக்கை மிகக் குறைவு. மகனைத் திட்டாதீர்கள், அவன் உதவி செய்யத்தான் நினைத்திருப்பான்.

கேள்வி: கோப்புகளை எல்லாம் காப்பாற்றிவிட்டேன், விண்டோஸும் புதிதாகப் போட்டாயிற்று. ஆனால் பழைய தமிழ்க் கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: கெடவில்லை. யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினிகளும் பயன்படுத்தும் பொது எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தவை அவை, அந்த எழுத்துரு பழைய விண்டோஸோடு போய்விட்டது. கோப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அதே எழுத்துருவை மறுபடி நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். எந்த எழுத்துரு என்று மறந்துபோயிருந்தால் வேர்டில் அந்த வரியின் மேல் கர்சரை வைத்தால் பெயர் மேலே தெரியும். பிறகு நேரம் கிடைக்கும்போது எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவையுங்கள். இன்னும் ரீசெட் செய்யாதவர்கள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து தங்கள் பழைய தமிழ் எழுத்துருக்களையும் பென் டிரைவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இல்லையென்றால் ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே உள்ளே போனால் இருக்கும்.