சிற்றூரின் தலைக்கணக்கும் பேருந்து வசதியும்: கேள்வி பதில்

கேள்வி: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் கிராமத்துக்குப் பேருந்து வசதி ‘உண்டு’ என்று பதிவாகியுள்ளது. நாங்களோ நிறுத்தத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கிறோம். பதிவு தவறா?

பதில்: தவறாக இருக்க வேண்டியதில்லை. கணக்கெடுப்பு தன் அலகாகக் கொள்வது வருவாய் கிராமத்தை; நீங்கள் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் அதற்குள் அடங்கிய குக்கிராமங்களில் ஒன்றாக இருக்கும். தாய்க்கிராமத்தில் பேருந்து நின்றால் அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் குடியிருப்புகளுக்கும் ‘உண்டு’ என்றே ஆகிவிடுகிறது. வசதி இல்லாத கிராமங்களுக்கு மட்டுமே 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10 வரை, 10க்கு மேல் என்று தொலைவு குறிக்கப்படுகிறது என்பதால், உங்கள் மூன்று கிலோமீட்டர் நடைக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக வரும் பேருந்தும், அரைமணிக்கு ஒன்றாக வரும் பேருந்தும் அதில் ஒரே ‘உண்டு’தான்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 320 பேர் இருக்கிறோம். மத்திய அரசின் சாலைத் திட்டத்தில் இடம் கிடைக்குமா?

பதில்: 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், வருவாய் கிராமத்தை அல்லாமல் குடியிருப்பையே அலகாகக் கொண்டது, இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன். சமவெளியில் 500 பேரும், மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேரும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. நீங்கள் சமவெளியில் இருந்தால் 320 போதாது. ஆனால் 500 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள குடியிருப்புகளின் தொகையைச் சேர்த்துக் கணக்கிட அவ்விதிகள் இடமளித்தன. எனவே பக்கத்துத் தெருவையோ காலனியையோ வேறு ஊராகக் கருதித் தனியே மனுக் கொடுப்பது உங்களுக்கே பாதகம். 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டம் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலையை இலக்காகக் கொண்டுள்ளது. அதற்கு அடிப்படை 2011ஆம் ஆண்டுத் தொகைதான். இன்றைய தலைக்கணக்கு அல்ல.

கேள்வி: தை பிறந்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் எந்த ஊர்க் கணக்கில் வருவார்கள்?

பதில்: 2011இல் மக்களை எண்ணிய பணி பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்தக் காலம் முழுவதும் வெளியில் இருந்தவர்கள் இருந்த இடத்தில்தான் எண்ணப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே சூளைப் பருவத்தில் எண்ணப்படும் உங்கள் ஊர், ஆடி மாதத்து ஊரைவிடச் சிறியதாகவே ஏட்டில் நிற்கும். அடுத்த கணக்கெடுப்புக்கும் 2027 மார்ச் 1ஆம் தேதியே அடிப்படை நாள் என்பதால், பனி சூழ்ந்த மலைப்பகுதிகள் நீங்கலாக, எண்ணும் பருவம் மாறப்போவதில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் மினி பேருந்து கேட்க மக்கள்தொகை வரம்பு உண்டா?

பதில்: அங்கே தலைக்கணக்கைவிட வழித்தடத்தின் தன்மைதான் பேசும். 1997ஆம் ஆண்டுத் திட்டத்தில் பேருந்து ஓடாத தடம் 16 கிலோமீட்டர், ஓடும் தடம் 4 கிலோமீட்டர் என்று மொத்தம் 20 கிலோமீட்டருக்கு அனுமதி தரப்பட்டது. 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் உச்ச நீளம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 விழுக்காடு பேருந்து ஓடாத தடமாக இருக்க வேண்டும். இவற்றை இயக்குவோர் தனியார். அரசு நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லும் பெண்கள் இதில் சீட்டு வாங்கியாக வேண்டும் என்பதை ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; பிறகு நடத்துநருடன் வாக்குவாதம் வேண்டாம்.

கேள்வி: மனுவில் எதை எழுதுவது?

பதில்: குக்கிராமத்தின் பெயர், அது அடங்கிய வருவாய் கிராமத்தின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, அளந்து பார்த்த தொலைவு, பள்ளி தொடங்கும் மணி. கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அதன் நகலையும் இணையுங்கள்.