பொருளாதாரம் சரிந்தால் சர்வாதிகாரி வந்துவிடுவாரா? சிறுபான்மையினர்மீது ஏன் கை வைக்கிறார்கள்?

கேட்டவர் ஜெர்மனியைத்தான் நினைத்திருப்பார். அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1928இல் நாஜிகளுக்கு விழுந்த வாக்கு 2.6 சதவீதம். 1932 தொடக்கத்தில் வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தொட்டார்கள். ஜூலைத் தேர்தலில் வாக்கு 37 சதவீதமானது. நவம்பரில் அது 33ஆக இறங்கிவிட்டது. இறங்குமுகத்தில் இருந்த ஹிட்லரைத்தான் 1933 ஜனவரியில் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கூப்பிட்டுப் பதவியில் உட்கார வைத்தார். அப்போது அமெரிக்காவிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அங்கே வந்தவர் ரூஸ்வெல்ட், சர்வாதிகாரி அல்லர். ஆக, சரிவு மட்டும் போதாது.

எனக்கு உறைப்பது பர்மா. என் தாத்தா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ரங்கூன் போய் மளிகைக்கடை வைத்தவர். 1930இல் நெல் விலை விழுந்ததும், கடன்பட்ட பர்மிய விவசாயிகளால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் வைத்திருந்த, வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கைக்கு 1937க்குள் 25 சதவீதம் போய்விட்டது. நிலம் இழந்தவன் கண்ணுக்கு வட்டிக்கடைக்காரரும் மூட்டை தூக்குகிறவனும் ஒன்றுதான், இரண்டு பேரும் இந்தியர். 1930 ரங்கூன் கலவரத்தில் வெட்டுப்பட்டவர்கள் துறைமுகக் கூலிகள். 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அந்தப் பகை ஆறாமல் இருந்தது. 1964 மார்ச்சில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. ஊர் திரும்பக் கப்பல் ஏறும்போது பாட்டியின் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

செட்டியார்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அடமான நிலத்தை எழுதி வாங்கியது நடந்ததுதான். ஆனால் தாத்தா வட்டிக்கு விட்டவர் அல்லர். அவரிடம் அரிசி பருப்பு கடன் வாங்கித் திருப்பித் தராதவர்கள்தான் அதிகம்.

போன குறுவையில் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்தோம். மழையில் முளைவிட்டது. "எல்லாம் வடக்கத்தி ஆட்கள் வந்ததிலிருந்துதான்" என்றார் எங்கள் பங்காளி ஒருவர். நடவுக்கு வந்த வங்காளத்துப் பையன்களுக்கும் எடைத் தராசுக்கும் என்ன சம்பந்தம்? கூலி குறைவு என்று ஊரில் முதன்முதலாக அவர்களை இறக்கியவரே அவர்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்புகிறவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, இவ்வளவு என்று கையில் வைத்தால் அதே நெல் நொடியில் காய்ந்துவிடுகிறது! சாக்கு வரவில்லை என்று அப்புறமும் இழுத்தடித்தார்கள். தார்ப்பாய் வாடகையை யாரிடம் போய்க் கேட்பது?