மாமியாரின் தலைக்கு மாவு: வீட்டிலேயே டிரை ஷாம்பு

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 68 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. தலைக்குக் குளிப்பாட்ட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். இடுப்பு வரை முடி, பெரும்பாலும் நரை. எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும் அவருக்கே தாங்கவில்லை. கடலை மாவு போட்டுப் பார்த்தேன், களி போல ஒட்டிக்கொண்டது. முகப்பவுடர் போட்டால் இருமுகிறார். ஸ்பிரே வாங்கவும் தயக்கமாக இருக்கிறது. வீட்டிலேயே டிரை ஷாம்பு செய்ய முடியுமா? நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறேன். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். அதையே நானும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: செய்யலாம், நீங்களும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் இருவருக்கும் ஒரே டப்பா வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரில்தான் ஷாம்பு இருக்கிறது. இந்தப் பொடி எதையும் கழுவாது. தரையில் எண்ணெய் கொட்டிவிட்டால் நம் பாட்டிமார் என்ன செய்வார்கள்? தவிட்டையோ சாம்பலையோ தூவி, கொஞ்ச நேரம் விட்டு, கூட்டி அள்ளிவிடுவார்கள். டிரை ஷாம்பு அவ்வளவுதான். பொடி எண்ணெயைக் குடிக்கிறது, பிறகு நாம் பொடியை வெளியே எடுக்கிறோம். எடுக்காமல் விட்டால், கொட்டிய எண்ணெய் மேல் தவிட்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனது போலத்தான். எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு இடத்தில்தான் தவறியிருக்கும். என்ன பொடி என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்படி எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் உங்கள் கடலை மாவு. அதில் புரதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது, போதாததற்குக் கொழுப்பும் இருக்கிறது. தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் அருமையாக அழுக்கெடுக்கும். உலர்ந்த மாவாகப் போட்டால் வியர்வையில் பிசைந்து, பஜ்ஜி மாவு போலப் பிடித்துக்கொள்ளும். பயத்தம் மாவும் அப்படியே. சீயக்காய், பூந்திக்கொட்டை இரண்டுக்கும் வேறு கதை: அவற்றில் நுரைக்கும் பொருளுக்கு வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். உலர்ந்த சீயக்காய்ப் பொடி தும்மலைத்தான் தரும், கண்ணில் விழுந்தால் எரிச்சலும் சேரும். முகப்பவுடர் பலவற்றில் இருப்பது டால்க் என்னும் கல் பொடி. அதைப் படுத்திருப்பவரின் மூக்கருகே தட்டவே கூடாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் உள்ள பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. ஸ்பிரே பற்றிய உங்கள் தயக்கமும் காரணமில்லாதது அல்ல. 2022 அக்டோபரில் அமெரிக்காவில் சில பிரபல டிரை ஷாம்பு ஸ்பிரேக்களைத் திரும்பப் பெற்றார்கள். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருளான பென்சீன் கலந்திருக்கலாம் என்பது காரணம். சந்தேகம் பொடி மேல் அல்ல, அதைத் தள்ளிவிடும் வாயுவின் மேல்தான் விழுந்தது. வீட்டுப் பொடிக்கு அந்த வாயுவே தேவையில்லை.

நமக்கு வேண்டியது மாவு அல்ல, மாவுச்சத்து. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மெஷினில் அரைத்த அரிசி மாவில் ஒவ்வொரு துகளும் அரிசியின் ஒரு சில்லு, தொட்டாலே நறநறக்கும். அரிசியின் மாவுச்சத்துத் துகளோ 2 முதல் 10 மைக்ரான்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். மக்காச்சோள மாவுச்சத்தின் துகள் 5 முதல் 25 மைக்ரான் வரை போகும், உருளைக்கிழங்கினுடையது 100 வரைகூட. துகள் சிறுக்கச் சிறுக்க ஒரு சிட்டிகைப் பொடியில் எண்ணெய் ஒட்டும் பரப்பு கூடும். அந்தக் கணக்கில் இந்த மூன்றில் அரிசிதான் முதல். ஐரோப்பியப் பிரபுக்கள் பொய்முடிக்குப் பூசியதும் மாவுச்சத்துப் பொடிதான். 1795இல் பிரிட்டன் அந்தத் தலைப்பொடிக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அந்தக் காலத்துப் பொற்காசு) வரி போட்டது. அதே பிரிட்டிஷார் சிப்பாய்களின் தலைப்பாகையையும் நெற்றிக்குறியையும் தாடியையும் பற்றி உத்தரவு போட்டு, பதினொரு வருடம் கழித்து, 1806 ஜூலையில், நம் வேலூர்க் கோட்டையில் அந்தச் சிப்பாய்களிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

செய்முறைக்கு வருகிறேன். கால் கிலோ பச்சரிசியை இரவு ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு மையாக அரையுங்கள். மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றிப் பிழிந்தால் பால் கீழே இறங்கும்; திப்பியைத் தோசை மாவில் சேர்த்துவிடலாம். பாலில் இன்னும் இரண்டு செம்புத் தண்ணீர் சேர்த்து ஆறு மணி நேரம் ஆடாமல் அசையாமல் வையுங்கள். கோடையில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. தெளிந்த நீரை மெல்லச் சாய்த்து ஊற்றினால் அடியில் வண்டல் நிற்கும். அதன் மேலே மங்கலான மஞ்சளில் ஓர் ஏடு படிந்திருக்கும். அது புரதம், கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். கடலை மாவு உங்களிடம் காட்டிய பிசுபிசுப்பு அதில்தான் இருக்கிறது. அடியில் இருக்கும் வெள்ளையை இன்னொரு முறை தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, தாம்பாளத்தில் பரப்பி, மேலே ஒரு துணி மூடி வெயிலில் வையுங்கள். வேலூர் வெயிலைக் குறை சொல்லாதவர் கிடையாது. இந்த ஒரு வேலைக்கு அது வரம், ஒரே பகலில் காய்ந்து பாளமாக வெடித்துவிடும்.

அடுத்ததைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். காய்ந்த பாளத்தை நுணுக்கி வஸ்திரகாயம் செய்ய வேண்டும். சித்த வைத்தியத்தில் சூரணம் செய்பவர்களின் சொல் இது. சல்லடையில் அல்ல, துணியில் சலிப்பது. பாத்திரத்தின் வாயில் மல் துணியை இழுத்துக் கட்டி, மேலே பொடியைப் போட்டு விரலால் மெதுவாகத் தேய்த்தால் இறங்குவது மட்டும்தான் நம் பொடி. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் பட்டுப் போல வழுக்க வேண்டும். நறநறப்பு இருந்தால் மறுபடியும் நுணுக்குங்கள். மருந்தாளுநராக முப்பது வருடம் பொடி சலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சரக்கின் பெருமை பாதி என்றால் சலிப்பின் பெருமை மீதிப் பாதி.

நோயாளியைப் பார்ப்பீர்களா, அரிசி அரைப்பீர்களா என்பதும் நியாயமான கேள்விதான். லாங் பஜார் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையில் கூகைக்கிழங்கு மாவு கேளுங்கள், ஆரோரூட் மாவு என்றாலும் தருவார்கள். இல்லையென்றால் மளிகைக் கடையில் சூப்புக்குப் போடும் வெள்ளைக் கார்ன்ஃபிளார். மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேறு, அது வேண்டாம். எதை வாங்கினாலும் வஸ்திரகாயம் உண்டு. கோலமாவுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். இன்று கடையில் கோலமாவு என்று விற்பது பெரும்பாலும் கல் பொடி.

சமையல் சோடாவைக் கலக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. எனக்கு உடன்பாடில்லை. தலைத்தோல் லேசான அமிலத் தன்மை உடையது, பிஎச் என்னும் அமில-கார அளவில் ஐந்தரை இருக்கும். சோடா கரைசல் எட்டைத் தாண்டும், அதாவது காரம். வயதானவர்களின் வறண்ட தோலில் அது அரிப்பைக் கிளப்பும். பட்டைப் பொடி எரியும். மருதாணிப் பொடி வியர்வை பட்டதும் சாயம் ஏற்றும். மாமியாரின் நரையில் அங்கங்கே செம்பட்டைத் திட்டு விழுந்தால் வீட்டில் யார் பதில் சொல்வது? வாசனைக்கு எண்ணெய் எதுவும் சொட்ட வேண்டாம். எண்ணெயை எடுக்கச் செய்யும் பொடியில் எண்ணெய் ஊற்றுவானேன். காய்ந்த வெட்டிவேர்ச் சுருள் ஒன்றை டப்பாவில் போட்டு மூடிவைத்தால் இரண்டு நாளில் மணம் ஏறிவிடும்.

இப்போது போடும் முறை. இடுப்பு ஆபரேஷன் ஆனவரை இதற்காகப் புரட்டக் கூடாது. எந்தப் பக்கம் திரும்பலாம், எவ்வளவு நிமிர்ந்து சாயலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள், அந்த எல்லைக்குள் தலையை மட்டும் இடமும் வலமும் திருப்பினால் போதும். தலைக்குக் கீழே பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். முகத்தின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டை. ஏற்கெனவே தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் மண்டையை ஒற்றி எடுத்துவிடுங்கள். தோலில் சுரக்கும் பிசுக்கைப் பொடி சமாளிக்கும், கரண்டிக் கணக்கில் வைத்த எண்ணெயைச் சமாளிக்காது. குணமாகும் வரை தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவையுங்கள். தேங்காய் எண்ணெய் இல்லாமல் நாலு நாள் இருக்கச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் சோறில்லாமல் இருக்கச் சொன்னது போலப் பார்ப்பார்கள், தெரியும்.

பொடியைத் தூவ வேண்டாம். மல் துணியில் இரண்டு தேக்கரண்டிப் பொடி வைத்துப் பொட்டணமாகக் கட்டுங்கள். வகிடு எடுத்து, வகிட்டின் மேல் பொட்டணத்தால் ஒற்றுங்கள். அரை அங்குலம் தள்ளி அடுத்த வகிடு. மயிர்க்காலில் மட்டும்தான், நுனிக்கு வேண்டாம். பறக்கவும் பறக்காது, இருமலும் வராது. முழுத் தலைக்கும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் செலவானால் அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள். கால் மணி நேரம் விட்டு, நகம் படாமல் விரல் நுனியால் தேய்த்துவிடுங்கள்.

பிறகு எடுப்பது. பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்த பின், பேன் சீப்பின் பற்களில் ஒரு துண்டு மல் துணியைக் குத்தி அடிவரை இறக்குங்கள். பற்கள் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து மண்டையிலிருந்து வாருங்கள். எண்ணெய் குடித்த மாவு துணியில் அழுக்குச் சாம்பலாகப் படியும். துணியை மாற்றி மாற்றி, வெள்ளையாக வரும்வரை வாருங்கள். நாலைந்து துண்டு ஆகும், பத்து நிமிடத்துக்குக் குறையாது. கடைசியில் ஒற்றைப் பின்னல் போடாதீர்கள். படுத்திருப்பவருக்கு அது பின்மண்டையில் உறுத்தும், சிக்கும் விழும். இரண்டு தளர்ந்த பின்னலாகப் போட்டு முன்னால் இரு தோளிலும் விட்டுவிடுங்கள்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை போதும். தலையில் புண், கொப்புளம், கெட்டியான பொடுகு எது இருந்தாலும் பொடி வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா இருந்தாலும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். வாடைக்குச் சாம்பிராணி போடலாமே என்று யாராவது சொல்வார்கள். மூடிய அறையில், படுத்தே கிடப்பவரின் நுரையீரலுக்கு அந்தப் புகை எதற்கு?

இனி உங்கள் தலை. மாமியாருக்கு நரை என்பதால் வெள்ளைப் பொடி தெரியாது. உங்கள் கறுப்பு முடியில் மிச்சம் மீதி இருந்தால் சுண்ணாம்பு அடித்தது போலத் தெரியும். இனிப்பில்லாத கோகோ பொடியை மூன்றுக்கு ஒன்று கலந்துகொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம், கோகோவிலேயே கொழுப்பு உண்டு. எறும்பும் வரும். இன்னொரு சரக்கு நம் பழைய வட ஆற்காட்டிலேயே இருக்கிறது: நாமக்கட்டி. செய்யாறு வட்டத்தில் இருக்கும் ஜடேரி கிராமத்தின் நாமக்கட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது வெண்களிமண்ணில் செய்வது. களிமண் எண்ணெயோடு ஈரத்தையும் இழுக்கும் என்பதால், தொப்பியோ முக்காடோ போட்டு வியர்க்கும் தலைக்கு நாலுக்கு ஒன்று சேர்த்தால் பொடி கட்டிபிடிக்காது. வாங்கிய கட்டியைச் சுரண்டி அதன் மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். புசுபுசுவென்று பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தலைக்கு ஆகாது. மாமியாரின் டப்பாவில் மட்டும் இந்தக் களிமண் போகக் கூடாது. மண்ணில் எதுவும் இருக்கும். தையல் ஆறாத உடம்புக்கு அருகே மண் சரக்கு வேண்டவே வேண்டாம். அதற்காகத்தான் இரண்டு டப்பா என்றேன்.

நீங்கள் காலை அவசரத்தில் போடாதீர்கள். இரவு படுக்கும் முன் ஒற்றி, வாரி எடுத்துவிட்டுத் தூங்குங்கள். மிச்சம் தலையணை உறையோடு போய்விடும். தலை ஈரமாகவோ வியர்த்தோ இருந்தால் மின்விசிறிக்குக் கீழே காயவைத்துவிட்டுப் போடுங்கள். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் போனால் மூன்றாவது முறை தண்ணீர்தான். முதல் முறை போடும் முன் காதுக்குப் பின்னால் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள், மாமியாருக்கும் அப்படியே. ஒரு மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் பொடி ஈரம் இழுக்கும், வண்டும் வைக்கும்.

கடைசியாக ஒன்று. ‘தலைக்குக் குளிப்பாட்ட வேண்டாம்’ என்று சொன்னார்கள் என்கிறீர்கள். தையல் பிரிக்கப் போகும்போது இப்படிக் கேளுங்கள்: தலையில் தண்ணீர் படக் கூடாதா, இல்லை, தையல் நனையக் கூடாதா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். தையலுக்குத்தான் தடை என்றால், அவரைக் கட்டிலை விட்டு இறக்காமலே தலையை அலசலாம். பெரிய பிளாஸ்டிக் விரிப்பின் இரண்டு ஓரத்திலும் துண்டைச் சுருட்டி வைத்து வாய்க்கால் போல ஆக்குங்கள். ஒரு முனை கழுத்துக்குக் கீழே, மறுமுனை கட்டிலோரம் தொங்கி வாளிக்குள். கழுத்தடியில் ஒரு சுருட்டிய துண்டு, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு செம்பு, கொஞ்சம் ஷாம்பு, மறுபடி நாலு செம்பு. பிடித்துக்கொள்ள ஒருவர், ஊற்ற ஒருவர். மருத்துவர் சரி என்று சொன்ன அன்றைக்கு மாவு டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.